பதினேழு ஒன்றுகள்

நீங்கள் எல்லாரும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கணக்காசிரியர்கள். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, பதிவேட்டை முடிப்பது எப்படி என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் சொல்லப்போவது என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றி. சின்னத் தப்புகள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் சொன்னால் என் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசி. காரைக்கால் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ப்ரொபேஷன் முடியவில்லை. ஆனால் கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு மட்டும் முழுசாக இருந்தது. அந்த நினைப்பு உங்களுக்கும் இருக்கும். இருக்கட்டும், வயசு அப்படி.

ஸ்டாஃப் ரூமில் ஜன்னல் ஓரத்து மேஜை இன்னொரு கணக்கு டீச்சருடையது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பூவத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பெயரைச் சொல்லக்கூடாது என்று அவரே கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் டீச்சர் என்றே சொல்கிறேன். லீஷர் பீரியட் வந்தால் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். டீச்சர் ஒரு நீள நோட்டை விரித்துக்கொண்டு குனிந்தால் மணி அடிக்கும்வரை நிமிர மாட்டார். சேர்ந்த வாரமே நான் போய்க் கேட்டேன்.

"என்ன டீச்சர், பேப்பர் திருத்துறீங்களா?"

"இல்ல சார். வகுத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

நோட்டை என் பக்கம் திருப்பினார். பக்கத்தின் தலையில் 11111111111111111 என்று எழுதியிருந்தது. நான் விரல் வைத்து எண்ணினேன். பதினேழு ஒன்றுகள்.

"ரெண்டு ஒன்னு போட்டா பதினொன்னு. அது பகா எண், உடையாது," என்றார். "மூணு ஒன்னு போட்டா மூணாலயும் முப்பத்தேழாலயும் உடைஞ்சிடுது. அஞ்சு ஒன்னு, நாப்பத்தொன்னு பெருக்கல் இருநூத்தி எழுபத்தொன்னு. ஏழு ஒன்னும் உடையுது, பதினொன்னும் உடையுது, பதிமூணும் உடையுது. நான் டிரெய்னிங் படிச்சப்ப ஒரு பழைய புஸ்தகத்துல இந்தப் பட்டியல் இருந்துச்சு. பதினேழுக்கு நேரா ஒன்னும் போடல. வெறும் கோடு."

"அதுக்காக?"

"உடையுமா உடையாதான்னு தெரியலையே சார். அதான்."

அவ்வளவுதான் காரணம். நான் வேறு ஏதோ பெரிய காரணத்தை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். வேறு எதுவும் வரவில்லை.

கண்ட எண்ணாலெல்லாம் அவர் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கவேண்டுமென்றால், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது முப்பத்துநான்கின் மடங்காக இருந்தே ஆகவேண்டும். இது நிரூபிக்கக்கூடிய உண்மை, டீச்சரே நிரூபித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். ஆகவே முப்பத்துநான்கின் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி, வந்த எண்களில் பகா எண்களை மட்டும் சலித்தெடுத்து, ஒவ்வொன்றாலும் வகுத்து வந்தார். ஒரு நாளைக்கு ஆறு. ஏழு வருடமாக. நான் சேர்ந்தபோது பத்தொன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தார். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் வகுத்தல்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மீதியைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குக் கீழே, வகுத்தல் சரிதானா என்று இலக்கங்களைக் கூட்டிப் பார்த்ததற்கு ஒரு சின்ன டிக்.

"முழுசாப் பாக்கணும்னா எதுவரைக்கும் போகணும் டீச்சர்?"

"பத்தரைக் கோடி வரைக்கும்."

நான் மனக்கணக்குப் போட்டேன். ஏழு வருடத்துக்கு இருபது லட்சம்கூட ஆகவில்லை.

"அதுக்கு நான் இருக்கமாட்டேன் சார்," என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "நான் போற தூரத்துக்குள்ள உடைஞ்சா பாக்கலாம். இல்லன்னா இதுவரைக்கும் உடையலன்னு எழுதி வச்சுட்டுப் போகலாம்."

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு மரியாதை வரவில்லை, இரக்கம்தான் வந்தது. மற்றவர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஒன்னு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தை மாதம் என் பெரியம்மா மகன் பிரான்சிலிருந்து வந்தான். பெரியப்பா அந்தக் காலத்து சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். குடும்பமே அங்கே போய்விட்டது. அவன் எனக்கு ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தான். சைன், லாக், அடுக்கு எல்லாம் போடும். பத்து இலக்கம் சிவப்பாக மின்னும். கூடவே ஒரு சின்னப் புத்தகம், முழுக்கப் பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. புத்தகத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

கருவி கைக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியதே டீச்சரின் எண்தான். ஏழு வருட வேலையை ஒரு சாயங்காலத்தில் முடித்துக்காட்ட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசை என்றுதான் நினைத்துக்கொண்டேன். பதினேழு ஒன்றுகளை அதில் நேராகப் போட முடியாது. பத்தின் அடுக்கு பதினேழிலிருந்து ஒன்றைக் கழித்து ஒன்பதால் வகுத்தேன். எண் உள்ளே போய்விட்டது. டீச்சர் இன்னும் தொடாத இடமாகப் பார்த்து இருபது லட்சத்திலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரும் முதல் எண் 2000017. வகுத்தேன்.

5555508333. புள்ளி இல்லை. மீதி இல்லை. முதல் எண்ணிலேயே விழுந்துவிட்டது!

நான் அப்படியொன்றும் முட்டாள் இல்லை, சரிபார்த்தேன். அந்த விடையையே திரும்ப 2000017ஆல் பெருக்கினேன். ஒன்று, புள்ளி, அப்புறம் வரிசையாக ஒன்றுகள். கடைசி இலக்கத்தையும் பார்த்தேன். ஏழு மூன்று இருபத்தொன்று, ஒன்றில் முடிகிறது. போதாதா? எனக்குப் போதும் என்று தோன்றியது. அதற்கு அடுத்த எண்ணையும் ஒரு தரம் அடித்துப் பார்த்திருந்தால் அதுவும் மீதியில்லாமல் 'வகுபட்டிருக்கும்'. அதற்கடுத்ததும். அந்தக் கருவிக்குப் பத்து இலக்கம்தான் காட்டத் தெரியும். விடையே பத்து இலக்கமாக வந்தால், புள்ளிக்குப் பிறகு இருப்பதை வெட்டிப்போட்டுவிட்டு முழு எண்ணைப் போலக் காட்டும். அந்த அளவில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது ஆமாம் என்றுதான் சொல்லும். விடை கிடைத்த சந்தோஷத்தில் நான் அடுத்த எண்ணுக்குப் போகவில்லை. நம் தொழிலில் விடை தெரியாத நேரத்தில் யாரும் தப்புச் செய்வதில்லை, பயந்து பயந்துதான் நடப்போம். விடை கிடைத்த நிமிடத்தில்தான் விழுவோம்.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். வெள்ளைச் சட்டை கசங்காது, வார்த்தையும் கசங்காது. டீச்சரின் நோட்டு வேலை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. என் செய்தி அவருக்கு இரட்டைச் சந்தோஷம். காலைப் பிரேயரில் கரும்பலகையைக் கொண்டுவந்து வைத்து, மொத்தப் பள்ளிக்கும் முன்னால் என்னை எழுதச் சொன்னார். பதினேழு ஒன்றுகளை எழுதி, சமக்குறி போட்டு, இரண்டு எண்களையும் எழுதினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர்கள் வரிசையில் டீச்சரும் தட்டினார்.

பிரேயர் கலைந்ததும் ஹெட்மாஸ்டர் அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"முடிஞ்சதுல்ல டீச்சர்? இனிமே அந்த நோட்டையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவராதீங்க. லீஷர் பீரியட்னா மத்த வேலை இருக்கு."

"சரிங்க சார்," என்றார் டீச்சர்.

அதன் அர்த்தம் எனக்கு அன்று முழுசாகப் புரியவில்லை. வீட்டில் அவருக்கு நோட்டை விரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. படுக்கையில் மாமனார், இரண்டு பிள்ளைகள், அறுப்பு நேரத்தில் ஆட்களுக்குச் சோறு. ஸ்டாஃப் ரூம் ஜன்னலோர மேஜை ஒன்றுதான் அந்த எண்ணுக்கு இருந்த இடம். அது போனால் எல்லாம் போயிற்று.

மூன்று நாள் ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. டீச்சர் மற்றவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். புதுச்சேரிக் கல்வித்துறைக்கு ஹெட்மாஸ்டர் என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். நாலாம் நாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"சார், இலக்கத்தைக் கூட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

அங்கேயே ஒரு தாளை இழுத்துக் கூட்டினேன். இந்தச் சோதனையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். ஒரு எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்ட வேண்டும். காரணிகளுக்கு வரும் எண்களைப் பெருக்கி, அதையும் அப்படியே சுருக்கினால் பெருக்குத்தொகைக்கு வரும் எண் வந்தாக வேண்டும். பதினேழு ஒன்றுகளைக் கூட்டினால் பதினேழு, சுருக்கினால் எட்டு. 2000017க்குப் பத்து, சுருக்கினால் ஒன்று. 5555508333க்கு நாற்பத்திரண்டு, சுருக்கினால் ஆறு. ஒன்றை ஆறால் பெருக்கினால் ஆறு. எட்டு இல்லை.

"எப்ப பாத்தீங்க டீச்சர்?"

"நீங்க போர்டுல எழுதி முடிச்சப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அத்தனை பிள்ளைங்க முன்னாடி எப்படி சார் சொல்றது? அவங்களுக்கு நாளைக்கும் நீங்கதான் பாடம் எடுக்கணும். நீங்களே திரும்பப் பாப்பீங்கன்னு மூணு நாள் பொறுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க யார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல. உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்," என்றார்.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கருவியைத் தொடவில்லை. ஒரு முழுத்தாள் எடுத்துப் பதினேழு ஒன்றுகளை 2000017ஆல் கையால் வகுத்தேன். நடுவில் ஒரு கழித்தலில் தப்பு வந்து திரும்ப ஆரம்பித்தேன். ஒன்றைச் சரியாக முடிக்க அரை மணி ஆயிற்று. மீதி 1469450. தாளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதைப்போல ஒன்பதாயிரம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டிக். எண் பெரியது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அதன் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி எவ்வளவு பெரியவர் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பார்த்து நான் இரக்கப்பட்டதை நினைத்து எனக்கு என்மீதே கோபம் வந்தது.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

"சார், நான் எழுதினது தப்பு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "புதுச்சேரிக்கு எழுதியாச்சு தம்பி."

"தெரியும் சார்."

"யாரு உக்காந்து பெருக்கிப் பாக்கப்போறா?"

"டீச்சர் பாத்துட்டாங்க சார்."

"அவங்க வெளிய சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்புறம் என்ன?"

இந்தக் கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் வேலையில் உங்களிடம் இதை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், அதுவும் அன்பாகத்தான் கேட்பார். பெட்டியிலிருந்த அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் முன்னால் வைத்தேன். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார். எனக்குப் புரியல."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, உதடு அசையப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"பத்து இலக்கத்துக்கு மேல நம்பாதேன்னு போட்டிருக்கு," என்றார். "தம்பி, உங்க ப்ரொபேஷன் இன்னும் முடியல. ஏனாம் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

காரைக்காலில் வேலை பார்த்த யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. நம் புதுச்சேரி அரசாங்கத்துக்கு நாலு மூலையில் நாலு ஊர். பிடிக்காத ஆளை மேற்கே மாகேக்குத் தள்ளலாம், வடக்கே ஆந்திரத்துக்குள் ஏனாமுக்குத் தள்ளலாம்.

"தெரியும் சார். நாளைக்குப் பிரேயர்ல அஞ்சு நிமிஷம் வேணும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் கரும்பலகையை நானே தூக்கிக்கொண்டு போனேன். என் விடையை எழுதி, இலக்கங்களைக் கூட்டிக்காட்டி, எட்டும் ஆறும் ஒன்றல்ல என்று சொல்லி, என் பெயரைச் சொல்லி, நான் செய்தது தப்பு என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஹெட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் குரலை உயர்த்திக் கேட்டார்:

"அப்ப அந்த நம்பர் உடையுமா உடையாதா?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எனக்குத் தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேஜையும் காலியாகவே கிடக்கும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இன்னும் தெரியாது சார். நம்ம டீச்சர் பாத்துக்கிட்டிருக்காங்க. பத்தொன்பது லட்சம் தாண்டிட்டாங்க. தெரிஞ்சதும் அவங்க இந்தப் போர்டுல எழுதுவாங்க."

அறுநூறு பிள்ளைகளும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹெட்மாஸ்டர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு, "வகுப்புக்குப் போங்க," என்று மட்டும் சொன்னார். மறுநாள் லீஷர் பீரியடில் ஜன்னலோர மேஜையில் நீள நோட்டு விரிந்திருந்தது. அதற்குப்பிறகு ஸ்டாஃப் ரூமில் 'ஒன்னு டீச்சர்' என்ற பெயரை நான் கேட்கவில்லை. டீ வந்தால் அவருக்கு ஒரு டம்ளரை முதலில் எடுத்துவைக்கும் பழக்கமும் எப்படியோ வந்துவிட்டது.

ஜூன் மாதம் எனக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. அது ஹெட்மாஸ்டரின் வேலையா, துறையின் வழக்கமா என்று நான் விசாரிக்கவே இல்லை. அங்கே தெலுங்கு தெரியாமல் பாதி நாள் கையாலேயே பேசிக்கொண்டிருந்தேன். கோதாவரியில் வெள்ளம் வந்த ஆவணி மாதத்தில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. டீச்சர் எழுதியிருந்தார். நலமா என்று ஒரு வரி, மாமனார் தவறிவிட்டார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு பெருக்கல்.

மேலே 5363222357. அதற்குக் கீழே 2071723. அதன்கீழ் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வரியாகப் பெருக்கி, இடம் தள்ளித்தள்ளி, அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நீளக்கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும், 'சார், கூட்டல் நீங்க போடுங்க' என்று இருந்தது.

நின்றபடியே சுவரில் வைத்துக் கூட்டினேன். முதல் பத்தியில் ஒன்று மட்டும்தான் இருந்தது. எழுதினேன். அடுத்து ஏழும் நாலும் பதினொன்று. ஒன்று எழுதி, கையில் ஒன்று. அடுத்து ஒன்றும் ஒன்பதும் பத்து, கையில் இருந்ததோடு பதினொன்று. மறுபடி ஒன்று. நாலாவதில் ஏழு, ஏழு, ஒன்பது, ஏழு, முப்பது. கையில் ஒன்று சேர்த்து முப்பத்தொன்று. ஒன்று! தரையில் உட்கார்ந்து தொடர்ந்தேன். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இலக்கங்கள் ஒவ்வொரு பத்தியிலும் குவிந்து கிடக்கின்றன. கூட்டக் கூட்ட, ஒவ்வொரு தடவையும் கீழே ஒன்றேதான் விழுகிறது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இதை என்னவென்று சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. பதினாறாவது பத்தியில் ஒரு பூஜ்யம், கையில் ஒன்று. ஒன்று. பதினேழாவதில் தனியாக ஒரே ஒரு ஒன்று. அதையும் இறக்கினேன்.

அந்த விடையை எங்கோ, எப்போதோ, யாரோ கண்டுபிடித்து அச்சிட்டிருந்தார்கள் என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். டீச்சரிடமும் சொன்னேன். "அப்படியா சார், அவங்களுக்கும் இதேதான் வந்துச்சா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் அன்று ஏனாமில், அந்த அறையில், எனக்கு வேறொன்று புரிந்தது. அந்தக் கூட்டலை அவர் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். ஒன்பதாயிரம் மீதிகளுக்கும் டிக் போட்டவர். கோட்டுக்குக் கீழே என்ன வரும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பியிருந்தார். ஏழு வருடத்துக்கும் மேல் காத்திருந்து அவர் பார்த்த அந்த வரியை, அவருடைய எண்ணைத் தப்பாக உடைத்து அவர் மேஜையையும் பறித்த நான், என் கையால் எழுதிப் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்.